மூராட்சாலோவின் செங்கல் முற்றம்

முதல் நாள்: ஹெல்சிங்கி

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் தம்பி முதலில் நீட்டியது ஒரு தம்ளர் தண்ணீர். குழாயைத் திறந்து அப்படியே பிடித்துக் கொடுத்தான்.

"காய்ச்ச வேண்டாமாடா?"

"குடி அக்கா. ஏரித் தண்ணி. நீ பாக்க வந்த அதே ஏரிதான்."

அந்த ஏரியின் பெயர் பையான்னே. அதன் தெற்கு முனையிலிருந்து, பாறையைக் குடைந்த ஒரு சுரங்கத்துக்குள்ளேயே 120 கிலோமீட்டர் ஓடி வருகிறது ஹெல்சிங்கியின் குடிநீர். 1982இல் அந்தச் சுரங்கத்தை முடித்திருக்கிறார்கள். நான் பார்க்க வந்த வீடு ஏரியின் வடக்குக் கோடியில், மூராட்சாலோ என்ற தீவில் இருக்கிறது. ஃபின்லாந்தின் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ தனக்கும் தன் மனைவி எலிசாவுக்கும் கோடை வீடாக 1950களின் தொடக்கத்தில் கட்டிக்கொண்டது. தம்பி ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ நகரத்துக்கு வேலைக்கு வந்து நாலு வருடமாகிறது. அன்றிலிருந்து கூப்பிடுகிறான். "வந்தால் அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்" என்பதுதான் நான் போட்ட ஒரே நிபந்தனை.

ஏன் அந்த வீடு என்று கேட்பவர்களுக்கு: நான் தென்காசிப் பக்கம் வீடு கட்டிக்கொடுக்கும் பொறியாளர். அப்பா கொத்தனார்; நாற்பது வருடம் கரணை பிடித்தவர். அடுத்தவர் வீட்டைக் கட்டும்போது எதையும் சோதித்துப் பார்க்க முடியாது. அவர்கள் சேர்த்து வைத்த பணம், வாங்கிய கடன், பெண் கல்யாணத்துக்கு முன்னால் முடிக்க வேண்டிய அவசரம், எல்லாம் அந்தச் சுவரில் இருக்கிறது. தெரிந்ததை மட்டும்தான் செய்ய வேண்டும். அப்படியென்றால் தெரியாததை எங்கே போய்ச் செய்து பார்ப்பது? பத்து வருடமாக எனக்குள் இருக்கும் கேள்வி இது. ஆல்டோ இதற்குத் தன் சொந்த வீட்டையே கொடுத்தார் என்று படித்த நாளிலிருந்து அந்தச் சுவர்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தேன்.

சாயங்காலம் 4ஆம் எண் டிராமில் முங்கினியெமி போனோம். ஆல்டோவின் ஊர் வீடு அங்கேதான், ரீஹிதியே தெருவில் 20ஆம் எண். அவரும் முதல் மனைவி ஐனோவும் சேர்ந்து வடிவமைத்து 1936இல் குடிவந்தார்கள். ஐனோவும் கட்டடக் கலைஞர்தான். வீடும் அலுவலகமும் ஒரே கூரைக்குக் கீழே. அலுவலகப் பகுதிக்கு வெள்ளையடித்த செங்கல் சுவர், குடியிருக்கும் பகுதிக்குக் கருமை ஏறிய மரப்பட்டிகள். வெளியிலிருந்து பார்த்தாலே எங்கே வேலை, எங்கே வாழ்க்கை என்று தெரிந்துவிடுகிறது. தெருப் பக்கம் முகம் கொடுக்காத வீடு, தோட்டத்துப் பக்கம் முழுசாகத் திறந்துகொள்கிறது.

உள்ளே எனக்குப் பிடித்தது ஒரு தள்ளுகதவு. வரவேற்பறைக்கும் வேலை செய்யும் அறைக்கும் நடுவில், அகலமாக, சுவரே நகர்வது மாதிரி. அதைத் திறந்தால் பியானோ இருக்கும் பக்கத்திலிருந்து படம் வரையும் மேசைக்கு நேராகப் போகலாம். மூடினால் இரண்டும் வேறு வேறு வீடு. வேலையையும் குடும்பத்தையும் ஒரே இடத்தில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கதவின் அருமை தெரியும். என் வீட்டில் சாப்பாட்டு மேசையில்தான் வரைபடம் விரிக்கிறேன்.

ஐனோ 1949 ஜனவரியில் இறந்துபோனார். 1924இல் கல்யாணம், இருபத்தைந்து வருடம் கூடவே உட்கார்ந்து வரைந்தவர். அந்த வீட்டில்தான் ஆல்டோ 1976 வரை, தான் இறக்கும்வரை இருந்தார். மூராட்சாலோவை இந்த வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அது ஒரு பெரிய இழப்புக்குப் பிறகு கட்டிய வீடு.

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே நடுராத்திரி தாண்டியிருந்தது, ஆனாலும் விழித்திருந்தார்.

"ஏட்டி, போய்ச் சேந்துட்டியா? அந்த மனுசன் வீட்டப் பாத்தியா?"

"இது டவுன் வீடுப்பா. தீவு வீட்டுக்கு இன்னும் மூணு நாள் இருக்கு."

"செங்கல்லா, கல்லா?"

"செங்கல்."

"அப்பம் சரி" என்றார்.

இரண்டாம் நாள்: யுவாஸ்குலா

ரயிலில் மூன்றரை மணி நேரம். தம்பெரே வழியாகப் போகிறது. சன்னலுக்கு வெளியே பைன், பிர்ச், ஏரி. மறுபடி பைன், பிர்ச், ஏரி. ஊர்கள் குறைவு. தம்பி இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்திருக்கிறான், லேப்டாப்பை மூடவே இல்லை.

ஆல்டோ பிறந்தது குவோர்தானே என்ற ஊரில், 1898இல். ஐந்து வயதில் குடும்பம் யுவாஸ்குலாவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் இங்கே. 1923இல் முதல் அலுவலகம் திறந்ததும் இங்கே. அவருடைய அப்பா நில அளவையர். சின்ன வயதில் அப்பாவின் பெரிய மேசைக்கு அடியில் விளையாடியதை ஆல்டோ பின்னாளில் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் எந்த மேசைக்கு அடியில் வளர்கிறார்கள் என்பதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. நான் வளர்ந்தது சாரத்துக்கு அடியில்.

அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தை அவரே வடிவமைத்தார், 1973இல் கட்டி முடித்தார்கள். பக்கத்திலேயே மத்திய ஃபின்லாந்து அருங்காட்சியகம், அதுவும் அவருடையது, 1961. இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு கட்டடம் 2023இல் வந்திருக்கிறது. நிறையச் சொல்லலாம், ஆனால் நான் முக்கால் மணி நேரம் நின்றது ஒரு ஸ்டூலின் முன்னால்.

'ஸ்டூல் 60' என்று பெயர். 1933இல் செய்தது, இன்றும் விற்கிறார்கள். வட்டப் பலகை, மூன்று கால். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கால் தொண்ணூறு பாகை வளைந்து பலகைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. பிர்ச் மரத்தை அப்படி வளைத்தால் உடைந்துவிடும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது: காலின் மேல்முனையில் மட்டும், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே, ரம்பத்தால் வரிசையாக நீளக் கீறல்கள் போட வேண்டும். ஒவ்வொரு கீறலுக்குள்ளும் பசை தடவிய மெல்லிய மரத்தகடு ஒன்றைச் செருக வேண்டும். பிறகு சூட்டில் வைத்து வளைத்து இறுக்கி விட்டால், காய்ந்தபின் அந்த வளைவு அப்படியே நிற்கும். கீழ்ப்பாதி முழு மரம், மேல்முனை மட்டும் அடுக்கு. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் வளைவில் மெல்லிய கோடுகள், புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி. ஆணியடித்து மூலையில் கட்டை கொடுக்கும் நம் முக்காலியை நினைத்துக்கொண்டேன். அதுவும் நிற்கிறது, இதுவும் நிற்கிறது. ஆனால் இதில் மரம் தன் விருப்பத்தோடு திரும்பியிருக்கிறது.

இந்த வளைவுக்காக அவர் வருடக்கணக்கில் மரத்துண்டுகளை வளைத்து, உடைத்து, ஒட்டிப் பார்த்திருக்கிறார். அந்தத் துண்டுகளே பிறகு சுவரில் மாட்டும் சிற்பங்களாகிவிட்டன. மரத்தோடு செய்ததைத்தான் இருபது வருடம் கழித்துச் செங்கலோடு செய்யப் போகிறார்.

மூன்றாம் நாள்: சாய்னாட்சாலோ

இன்று எழுத நிறைய இருக்கிறது. கை வலிக்கும்வரை எழுதப் போகிறேன்.

சாய்னாட்சாலோவும் ஒரு தீவு. யுவாஸ்குலாவிலிருந்து நகரப் பேருந்தில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பிளைவுட் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். 1940களின் கடைசியில் மூவாயிரம் பேர் இருந்திருப்பார்கள். அந்தச் சின்ன ஊர் தனக்கென்று ஒரு ஊர்மன்றக் கட்டடம் வேண்டும் என்று 1949இல் போட்டி வைத்தது. ஆல்டோ ஜெயித்தார். 1952இல் கட்டி முடித்தார்கள். தளத்தில் நின்று வேலையை மேற்பார்த்தவர் ஒரு இளம் கட்டடக் கலைஞர், எலிசா. 1949இல்தான் ஆல்டோவின் அலுவலகத்தில் சேர்ந்திருந்தார். 1952இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இந்த வேலைக்காக இங்கே வந்து போகும்போதுதான் பக்கத்துத் தீவில் அந்தப் பாறைக்கரையைக் கண்டுபிடித்தார்கள். அதனால் மூராட்சாலோ வீட்டின் கதை இந்த ஊர்மன்றத்தில்தான் தொடங்குகிறது.

முதல் பார்வையில் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு செங்கல் குன்று. நாலு பக்கமும் கட்டடம், நடுவில் முற்றம். முற்றம் தெருமட்டத்தில் இல்லை, ஒரு மாடி உயரத்தில் இருக்கிறது. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணை வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல் நடுவிலேயே நிரப்பி மேடாக்கியிருக்கிறார்கள். தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று நாங்கள் ஒவ்வொரு முறையும் லாரிக்காரரோடு பேரம் பேசுவோம். அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

மேலே ஏற இரண்டு வழி. ஒரு பக்கம் கல்படி. இன்னொரு பக்கம் புல்படி: மரப்பலகையை நிறுத்தி, பின்னால் மண் நிரப்பி, புல் வளரவிட்ட படிகள். ஒவ்வொன்றும் ஒரு அளவு, விளிம்பு வளைந்து நெளிந்து போகிறது. வயல் வரப்பு ஏறுவது மாதிரி ஏறினேன்.

செங்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையை வைத்துத் தடவினால் சுவர் ஒரே சமமாக இல்லை. ஒரு கல் நூலளவு முன்னால் துருத்துகிறது, அடுத்தது உள்ளே போகிறது. தம்பி பார்த்துவிட்டு, "கோணலா வச்சிருக்காங்களே அக்கா, அப்பா பாத்தா உடைச்சுப் போடச் சொல்லியிருப்பார்" என்றான். தெரியாமல் வந்த கோணல் இல்லை அது. இங்கே கோடையில்கூடச் சூரியன் தலைக்கு மேல் வருவதில்லை, சாய்ந்தே சுற்றுகிறது. அந்தச் சாய்வெயில் துருத்திய ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன நிழலைப் போடுகிறது. மட்டமாகக் கட்டியிருந்தால் சுவர் செத்துப்போயிருக்கும். மூலைகள் மட்டும் தூக்குக்குண்டு போட்டது மாதிரி நேர். எதை நேராக வைக்க வேண்டும், எதை விடலாம் என்று தெரிந்த கை.

உள்ளே தாழ்வாரம் மூன்று பக்கமும் முற்றத்தைப் பார்த்தபடி சுற்றி வருகிறது. தரையும் செங்கல். கதவுப் பிடிகளில் தோல் சுற்றியிருக்கிறது. பனிக்காலத்தில் வெறும் உலோகத்தைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்கிற நாட்டில், ஊர்மன்றத்துக்கு வருகிறவர் முதலில் தொடும் பொருள் தோல்.

மன்றக்கூடத்துக்கு ஒரு செங்கல் மாடிப்படி திரும்பித் திரும்பி ஏறுகிறது. இருட்டு. மேலே, உத்திரத்துக்குக் கீழே மட்டும் ஒரு வரி வெளிச்சம். கூடத்துக்குள் போனால் 17 மீட்டர் உயரம்! மூவாயிரம் பேர் ஊருக்கு இவ்வளவு உயரம் எதற்கு என்று அப்போது கேட்டிருக்கிறார்கள். இத்தாலியில் சியேனா நகர மன்றக்கூடம் 16 மீட்டர், நாம் 17 வைத்துக்கொள்வோம் என்று ஆல்டோ பதில் சொன்னதாக இந்த ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருக்கிறது. ஆலைத் தொழிலாளி ஒருவர் தன் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று எழுந்து பேசும் இடம் ராஜசபை மாதிரி இருந்தால் என்ன குறைந்துவிடும்?

கூரையைத் தாங்குவது இரண்டு மரத் தாங்கிகள். ஒரு புள்ளியிலிருந்து விரல்களை விரித்தது போல, ஒவ்வொன்றிலும் பதினாறு சட்டங்கள் விசிறியாக மேலே போகின்றன. 'பட்டாம்பூச்சி' என்று கூப்பிடுகிறார்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. சாதாரண உத்திரமும் கைமரமும் வைத்தே முடித்திருக்கலாம். ஆனால் இப்படி விரித்ததால் குறுக்கே இன்னொரு உத்திரம் தேவைப்படவில்லை, கூரைப்பலகைகளுக்கு நடுவே காற்றோட்டத்துக்கும் வழி இருக்கிறது.

1993இல் இந்த ஊர் யுவாஸ்குலாவோடு சேர்ந்துவிட்டது. இப்போது இங்கே ஊராட்சி இல்லை. ஆனால் கட்டடத்தில் தங்க அறை தருகிறார்கள். இதை எழுதுவது அங்கிருந்துதான். இரவு மணி பத்து, வெளியே இன்னும் பழுப்பு வெளிச்சம். முற்றத்தில் தண்ணீர்த்தொட்டி பக்கத்தில் ஒருவர் நாயோடு உட்கார்ந்திருக்கிறார்.

அப்பாவுக்குச் சுவரின் படம் அனுப்பினேன். பதில் குரல்பதிவாக வந்தது: "ஏட்டி, இது தெரிஞ்சே செஞ்சிருக்காவ. மூலையப் பாரு, நூல் புடிச்ச மாதிரி இருக்கு. தெரியாதவனுக்கு மொதல்ல கெடுறது மூலதான்."

தம்பி அதை இரண்டு முறை போட்டுக் கேட்டான்.

நான்காம் நாள்: மூராட்சாலோ

காலையில் நடந்தே புறப்பட்டோம். சாய்னாட்சாலோவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் மூராட்சாலோ. வீடு கட்டிய காலத்தில் பாலம் கிடையாது, படகில்தான் வந்தார்கள். சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கும் பாதையில் மற்ற பார்வையாளர்களும் வழிகாட்டியும் சேர்ந்துகொண்டார்கள். பாதையெங்கும் காட்டு நாவல்நிறத்தில் ஒரு சின்னப் பழம், முழங்கால் உயரச் செடியில். யாருடைய காட்டிலும் யாரும் பழம் பறிக்கலாம் என்பது இந்த நாட்டின் வழக்கம், சட்டமும்கூட. வீட்டுவாசலை, தோட்டத்தை மட்டும் நெருங்கக்கூடாது. தம்பி வாயெல்லாம் நீலமாக்கிக்கொண்டான்.

முதலில் கண்ணில் படுவது வெள்ளைச் சுவர். மரங்களுக்கு நடுவே உயரமாக, கூரையே இல்லாதது போல. பாழடைந்த கோட்டை ஒன்றின் மிச்சத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. எல்லாம் செங்கல்தான், வெளிப்பக்கம் மட்டும் வெள்ளை. வீடு நேராகப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. பாறையை உடைத்துச் சமப்படுத்தவில்லை. சுவரின் அடி பாறை ஏறுகிற இடத்தில் ஏறி, இறங்குகிற இடத்தில் இறங்குகிறது.

சுற்றிவந்து முற்றத்துக்குள் கால் வைத்ததும் நிறம் மாறிவிட்டது. வெள்ளை போய்விட்டது. நாலாபக்கமும் சிவப்பு.

மொத்தம் பதினான்கு மீட்டருக்குப் பதினான்கு மீட்டர் சதுரம். அதில் இரண்டு பக்கம் வீடு, 'ட' வடிவில்: ஒரு கையில் வரவேற்பறை, இன்னொரு கையில் படுக்கையறைகள், மூலையில் சமையலறை. மற்ற இரண்டு பக்கம் வெறும் சுவர். ஒரு பக்கம் ஏரியைப் பார்த்துப் பெரிதாகத் திறந்திருக்கிறது. இன்னொரு சுவரின் திறப்பில் வெள்ளை மரச்சட்டங்கள் செங்குத்தாக நிற்கின்றன, அதன் வழியே மரங்களும் தண்ணீரும் கோடுகோடாகத் தெரிகின்றன. நடுவில் தரையில் ஒரு சதுரக்குழி, அடுப்பு. மாலையில் அங்கே தீமூட்டிச் சுற்றி உட்காருவார்களாம். மேலே வானம். நம் பக்கத்து நாலுகட்டு வீட்டில் முற்றத்தில் மழை விழும், இங்கே முற்றத்தில் தீ எரியும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது.

சுவர்களைப் பற்றி எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, முயல்கிறேன். சுவரும் தரையும் கிட்டத்தட்ட ஐம்பது கட்டங்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு கட்டத்தில் இருப்பது அடுத்த கட்டத்தில் இல்லை. ஒன்றில் கல் படுக்கையாக, வழக்கம்போல. பக்கத்தில் கல்லை நிறுத்தி வரிசை மேல் வரிசை, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில். கொத்தனார் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒரு வரியின் இணைப்பு அடுத்த வரியில் கல்லின் நடுவில் வந்தால்தான் சுவர் பூட்டிக்கொள்ளும். அதற்கடுத்து மெல்லிய ஓடு. பிறகு ஓரிடத்தில் சாந்தை ஆழமாகச் சுரண்டி எடுத்து ஒவ்வொரு கல்லும் தனியாக மிதப்பது மாதிரி. அதற்குக் கீழே சாந்தைக் கல்லுக்குச் சமமாக வழித்துவிட்டது. கல்லின் அளவு மாறுகிறது, சுட்ட பதம் மாறுகிறது, இடைவெளி மாறுகிறது.

இது அலங்காரம் இல்லை. ஆல்டோ இந்த வீட்டுக்கு வைத்த பெயரே 'சோதனை வீடு'. எந்தக் கல், எந்த இணைப்பு, எந்த ஓடு இந்தக் குளிரைத் தாங்கும். கண்ணுக்கு எப்படி இருக்கும். செடி படர்ந்தால், பாசி பிடித்தால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் இத்தனையும். செங்கல் தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் பருக்கும். உள்ளிருந்து தள்ளும், கல்லின் முகம் தோல் உரிவது மாதிரி உரிந்து விழும். ஒவ்வொரு குளிர்காலமும் இது பலமுறை நடக்கிற ஊர் இது. ஆய்வுக்கூடத்தில் செய்திருக்கலாம். அவர் அந்தச் சுவர்களுக்கு நடுவே காபி குடித்துக்கொண்டு, தீ மூட்டிக்கொண்டு, வருடாவருடம் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தக் கட்டம் தோற்கிறதோ அது அவர் வீட்டில் தோற்கட்டும். வேறொருவர் வீட்டில், வேறொருவர் காசில் தோற்க வேண்டாம். இதுதான் நான் தேடிவந்த பதில்.

ஒரு கட்டத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். முழங்கால் உயரத்தில், கல்லைக் குறுக்காக நிறுத்தியது. ஒரு கல்லின் ஓரம் உடைந்திருக்கிறது. உடைந்த இடம் உள்ளே ஆரஞ்சு, வெளியே எழுபது வருட வெயிலில் மங்கிய பழுப்பு. இணைப்பில் பச்சைப் பாசி ஒரு விரல்கடை நீளம். அதில் எறும்பு ஒன்று போகிறது. தரைக்கல்லின் இடுக்கில் ஒரு பிர்ச் கன்று, இரண்டே இலை. வழிகாட்டி அதைப் பிடுங்கவில்லை.

உள்ளே வரவேற்பறை. பெரிதில்லை. கூரை சாய்ந்து ஏறுகிறது. உயரமான பக்கத்தில் ஒரு பரண், தரையிலிருந்து தாங்காமல் மேலே உத்திரத்திலிருந்து தொங்குகிறது. அங்கேதான் ஆல்டோ ஓவியம் தீட்டுவார். கீழே மூலையில் அடுப்பு. படுக்கையறைகள் மிகச் சின்னவை, ஒரு கட்டில், ஒரு சன்னல். அவருக்குக் கிடைக்காத வசதியா? ஆனால் இங்கே தூங்க மட்டும்தான் அறை, வாழ்வது முற்றத்தில்.

பின்பக்கம் போனால் வீட்டுக்கு ஒரு வால் இருக்கிறது. செங்கல் வீட்டிலிருந்து சரிவில் இறங்கி விருந்தினர் அறை, அதற்கப்பால் விறகுக் கொட்டகை. போகப்போக இலேசாகிக்கொண்டே போகிறது. விருந்தினர் அறை மரக்கட்டடம். அதற்கு அஸ்திவாரமே இல்லை! ஏற்கெனவே அங்கே கிடந்த பாறைக்குண்டுகளின் மேல் மரங்களைப் படுக்கவைத்து அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். எந்தக் குண்டு எங்கே கிடந்ததோ அதுதான் அளவைத் தீர்மானித்தது. அஸ்திவாரம் இல்லாமல் கட்டுவதும் அவருடைய சோதனைகளில் ஒன்று. நான் படுத்து அடியில் எட்டிப் பார்த்தேன். வழிகாட்டிப் பெண் சிரித்துவிட்டு, பொறியாளரா என்று கேட்டார். ஆமாம் என்றதும் மற்றவர்களை முன்னே அனுப்பிவிட்டு எனக்காக இரண்டு நிமிடம் நின்றார். அந்த இரண்டு நிமிடத்துக்கு அவருக்கு நன்றி.

கரையில் சவுனா, இவர்களுடைய நீராவிக் குளியலறை. ஏரியை ஒட்டி, உருட்டுமரங்களை அடுக்கிக் கட்டிய புகைச் சவுனா. மரத்துக்கு அடி பெருத்திருக்கும், நுனி சிறுத்திருக்கும். தச்சர்கள் வழக்கமாக ஒரு மரத்தை அடி இந்தப் பக்கம், அடுத்ததை அடி அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி வைப்பார்கள், மட்டம் வருவதற்காக. இங்கே எல்லா அடியும் ஒரே பக்கம். அதனால் அடுக்க அடுக்க ஒரு பக்கம் உயர்ந்து, சுவரே சாய்ந்து, கூரைக்குத் தேவையான சரிவு தானாகக் கிடைத்துவிட்டது. மரம் எப்படி வளர்ந்ததோ அதுவே கூரையின் கணக்கு. நூறு கட்டடம் கட்டியவர் செய்கிற காரியம் மாதிரியும் இருக்கிறது, கட்டையை வைத்து விளையாடும் பிள்ளை செய்கிற காரியம் மாதிரியும் இருக்கிறது. விளையாட்டு இல்லாமல் கட்டடக்கலை இல்லை என்பதை ஆல்டோ நம்பினார், இந்த வீட்டைப் பற்றி எழுதும்போதும் அதைத்தான் சொன்னார்.

பக்கத்தில் ஒரு கொட்டகைக்குள் படகு. அதையும் அவரே வடிவமைத்தார். சொந்த ஊரில் யாரும் தீர்க்கதரிசி ஆவதில்லை என்று லத்தீனில் அதற்குப் பெயர். பள்ளிப்பருவத்தைக் கழித்த ஊருக்கு ஒருமணி நேரத் தூரத்தில், அந்தப் பெயர் எழுதிய படகில் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார். அதன் பின்னால் என்ன மனவருத்தம் இருந்தது என்று யோசித்தபடி நின்றேன்.

கிளம்பும் முன் கரைப்பாறையில் உட்கார்ந்து கையில் தண்ணீர் அள்ளினேன். குளிர்ந்து, கண்ணாடி மாதிரி. முதல்நாள் தம்பி தம்ளரில் தந்தது.

பேருந்து நிறுத்தத்தில் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். நேர்கோட்டு இணைப்புக் கட்டத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இது பாரம் தாங்காது."

"பின்னால வேற சுவர் தாங்குதுப்பா. இது முகம் மட்டும்."

"அப்பம் சரி. எம்புட்டு வருசம்?"

"எழுபதுக்கு மேல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம பின்சுவரு மாதிரி இருக்குட்டி" என்றார்.

எங்கள் வீட்டுப் பின்சுவர் இன்றுவரை பூசாதது. அப்பா சொந்த வீடு கட்டியபோது, பார்த்த வேலைகளில் மிஞ்சிய கல்லை உரிமையாளர்களிடம் கேட்டு வாங்கிவந்து அந்த ஒரு சுவரை மட்டும் எழுப்பினார். சூளைக்குச் சூளை நிறம் வேறு, அளவு வேறு. சின்ன வயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது. இந்த ஐப்பசிக்குள் பூசிவிடலாம் என்று சிமெண்ட் இறக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பி வந்திருக்கிறேன்.

"அப்பா, அத அப்படியே விட்டுருவோமா?"

"எதுக்கு? மழையில உள்ள ஓதம் ஏறுது. பூசத்தான் வேணும்" என்றார் உடனே.

"சரி, பூசலாம். அதுக்கு முந்தி எந்தக் கல்லு எங்க இருந்து வந்துதுன்னு சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

தம்பி லேப்டாப் பையிலிருந்து பேனா எடுத்துக் கொடுத்தான். அப்பா போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். திரை ஆடியது, கிணறு தெரிந்தது, வாழைமரம் தெரிந்தது, சுவர் வந்தது.

"கீழ இருந்து நாலு வரி பள்ளிக்கூடத்துக்கு மதில் கட்டுனப்ப மிஞ்சுனது. கருஞ்செவப்பு, நல்லா வெந்த கல்லு. அதுக்கு மேல வெளுப்பா இருக்குல்லா, அது டாக்டரு வீடு. அந்தக் கல்லு சரியில்ல, நான் அப்பவே சொன்னேன். இங்க வா, இந்த ஓரத்துல..."

பேருந்து வந்துவிட்டது. போனை அணைக்காமலே ஏறினோம்.